வீக்-ஆஃப் எடுத்தும் ரெஸ்ட் இல்லையா? ஆர்மை தூக்கி விட்டீங்களான்னு பாருங்க

வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃப்ரேம், அதாவது பஞ்சை நூலா முறுக்குற மெஷினுக்கு, மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருக்கிற 31 வயசு வாசகர் எழுதின லெட்டர் இது. மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கார், விஷயத்தை மட்டும் சொல்றேன். மில்லுல மெஷின் நின்னா நிமிஷக் கணக்குல ரிஜிஸ்டர்ல ஏறுது, மாசக் கடைசியில டவுன்டைம், அதாவது மெஷின் நின்ன நேரம், எவ்வளவுன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க. இவருக்கு பேருக்கு வாரம் ஒரு நாள் லீவு, ஆனா கடந்த 11 வாரத்துல ஒரு வீக்-ஆஃப் கூட போன் வராம போகலை. போன மாசம் காலைல 8 மணிக்கு டியூட்டிக்கு போனவர் பிரேக்டவுன்னால மறுநாள் விடியக்காலை 4 மணிக்கு பைக்ல திரும்பியிருக்கார், வர்ற வழியில கண்ணு சொக்கி ரோட்டை விட்டு இறங்கி மைல்கல்லுல உரசி நின்னிருக்கார். வீட்டம்மா சொல்லித்தான் இந்த லெட்டரே. கடைசியில இப்படி கேக்குறார்: "சார், டவுன்டைம்னா மெஷினுக்கு கெட்டதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. மனுஷனுக்கு மட்டும் அது நல்லதா? நான் ஒரு நாள் சும்மா உக்காந்தா எனக்கே தப்பு பண்ற மாதிரி இருக்கு. உக்காந்தாலும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இல்ல."

தம்பி, முதல்ல அந்த பைக் விஷயம். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

காலைல 6 மணிக்கு எந்திரிச்சிருப்பீங்க, மறுநாள் 4 மணின்னா 22 மணி நேரம் முழிச்சிருந்திருக்கீங்க. 1997ல ஆஸ்திரேலியாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, தூங்காம இருந்தவங்களையும் குடிச்சவங்களையும் ஒரே டெஸ்ட் குடுத்து ஒப்பிட்டு பாத்தாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவரோட கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்கு தடுமாறுச்சு, 24 மணி நேரம் ஆனா ஏறக்குறைய அதுல ரெண்டு மடங்கு. நம்ம ஊர் சட்டத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே போலீஸ் வண்டியை பிடிச்சு வச்சுக்குவாங்க. நீங்க ஒரு சொட்டு குடிக்கல, ஆனா அன்னைக்கு நீங்க வண்டி ஓட்டின நிலைமை அதை விட மோசம், அதுவும் விடியக்காலை 3லேர்ந்து 5 வரைக்கும் உடம்பே தூக்கத்தை இழுக்கிற நேரம். அதனால இனிமே நைட் பிரேக்டவுன் முடிஞ்சா கையோட பைக்கை எடுக்காதீங்க. ரெஸ்ட் ரூம்ல, இல்லைன்னா ஸ்டோர்ல ஒரு அட்டையை விரிச்சாவது படுத்து தூங்கிட்டு வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க, இல்ல மில் பஸ்ல வாங்க. வீட்டுக்கு ஒரு போன் பண்ணி சொல்லிட்டா அவங்களும் நிம்மதியா இருப்பாங்க. மெஷினை ஓட்டி விட்டுட்டு வந்த ஆள் வீடு வந்து சேரணும், எனக்கு அதுதான் முக்கியம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நான் 30 வருஷத்துக்கு மேல மில் மெயின்டனன்ஸ்லயே இருந்தவன், ஃபிட்டரா ஆரம்பிச்சு மெயின்டனன்ஸ் மேனேஜர் வரைக்கும் வந்தேன், இந்த டவுன்டைம்ங்கிற வார்த்தையோடவே வாழ்ந்திருக்கேன். அதனால சொல்றேன், மெஷினுக்கு டவுன்டைம் கெட்டதுன்னு உங்களுக்கு சொல்லிக் குடுத்ததே பாதிதான்.

நீங்களே தினமும் பண்ற வேலையை யோசிச்சு பாருங்க. டிராவலர் மாத்துறீங்கல்ல. விரல் நகத்து மேல அஞ்சாறு வைக்கிற அளவு சின்ன கம்பி வளையம், நூலை இழுத்துக்கிட்டு ரிங் மேல சுத்துறது, 38 மில்லிமீட்டர் ரிங்குல ஸ்பிண்டில், அதாவது நூல் சுத்துற தண்டு, நிமிஷத்துக்கு 18,000 சுத்து ஓடினா அது செகண்டுக்கு 35 மீட்டருக்கு மேல ஓடுது, அதாவது மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் எண்ணெய் கூட இல்லாம, நூல்ல இருந்து வர்ற பஞ்சுத் தூசியை மட்டும் மெத்தையா வச்சுக்கிட்டு. அதை நாம எப்ப மாத்துறோம்? எரிஞ்சு போனப்புறமா? இல்ல. கவுன்ட்டுக்கு, அதாவது நூலோட சன்னத்துக்கு, தகுந்த மாதிரி இத்தனை நாள்னு ஷெட்யூல் போட்டு, இன்னும் நல்லா ஓடிட்டிருக்கும்போதே மெஷினை நிறுத்தி அத்தனையையும் கழட்டி புதுசு போடறோம். யாராவது இதுக்காக உங்களை திட்டியிருக்காங்களா? மெஷின் நின்னுச்சுதானே? ஏன்னா அது நாம நிறுத்தினது. மாசக் கடைசியில உங்களை நிக்க வச்சு கேக்குறது தானா நின்னதுக்கு. ரெண்டையும் ஒரே வார்த்தையில சொல்றதாலதான் இந்த குழப்பமே வருது.

கணக்கும் போட்டு பாருங்க. 40ஸ் கவுன்ட்ல ஒரு ஸ்பிண்டில் ஷிஃப்டுக்கு 100 கிராம்னு வைங்க, 1,200 ஸ்பிண்டில் மெஷின்னா ஷிஃப்டுக்கு 120 கிலோ, மணிக்கு 15 கிலோ. நாலு மணி நேரம் நிறுத்தி வேலை பாத்தா 60 கிலோ நூல் போச்சு. வலிக்கத்தான் செய்யும். நான் அசிஸ்டன்ட்டா இருந்தப்ப ஒரு மில்லுல ஒரு ஃப்ரேம் ஹெட்ஸ்டாக்ல, அதாவது கியர் இருக்கிற தலைப் பக்கத்துல, பேரிங் சத்தம் வந்துச்சு, நாலு மணி நேர வேலை, மாசக் கடைசி, புரொடக்‌ஷன் டார்கெட் இன்னும் வரல, ஒண்ணாம் தேதிக்கு மேல பாக்கலாம்னு சொன்னாங்க, நானும் சரின்னு கையெழுத்து போட்டேன். 29ஆம் தேதி ராத்திரி பேரிங் ஜாம் ஆகி ஷாஃப்டையும் கடிச்சிருச்சு, ஸ்டோர்ல ஷாஃப்ட் இல்ல, வெளியூர்ல இருந்து வந்து சேந்து மாட்டி ஓட்டுறதுக்கு ரெண்டரை நாள் ஆச்சு. மேல சொன்ன கணக்குல பாத்தா 60 கிலோவை காப்பாத்த போய் 900 கிலோவை விட்டோம். அந்த கையெழுத்தை நான் இன்னும் மறக்கல.

அந்த மைல்கல் உங்களுக்கு வந்த பேரிங் சத்தம் தம்பி.

அடுத்தது, மனுஷனுக்கு அது நல்லதான்னு கேட்டீங்களே. மெஷினுக்கும் நமக்கும் இங்க ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதை மில்லுல யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஃப்ரேமை நிறுத்தினா அது அப்படியே நிக்கும், தேஞ்ச பேரிங் தானா சரியாகாது, நீங்க ஸ்பேனரோட போனாத்தான் உண்டு. உடம்பு அப்படி இல்ல. நீங்க நிறுத்தினதும் அது தன் மெயின்டனன்ஸை தானே ஆரம்பிச்சிருது. ஆழ்ந்த தூக்கத்துலதான் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குது, பகல்ல தேஞ்ச தசையை ரிப்பேர் பண்றதெல்லாம் அப்பத்தான். மூளையும் அப்படித்தான், உடம்பு எடையில 2 சதவீதம்தான் அது, ஆனா நீங்க திண்ணையில சும்மா உக்காந்து தெருவை பாத்துட்டிருக்கும்போதும் உடம்போட மொத்த சக்தியில ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கிட்டு உள்ள வேலை பாத்துட்டிருக்கு. சும்மா உக்காந்தா தப்பு பண்ற மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அந்த நேரத்துல உங்க உள்ளயே ஒரு ஃபிட்டர் இறங்கி வேலை பாக்குறான்னு நினைச்சுக்குங்க, அவனுக்கு மெஷினை ஒப்படைச்சாத்தான் அவனால வேலை பாக்க முடியும்.

சரி, அப்ப உக்காந்தும் ரெஸ்ட் எடுத்த மாதிரி ஏன் இல்ல? லெட்டர்ல எனக்கு முக்கியமா பட்டது இந்த ஒரு வரிதான்.

பொங்கலுக்கு மில்லு நாலு நாள் நிக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க? டாப் ஆர்மை, அதாவது மேல் ரோலரை அழுத்திப் பிடிக்கிற கையை, எல்லாம் தூக்கி விட்டுட்டுத்தானே போவீங்க, நியூமேட்டிக் மெஷின்னா பிரஷரை இறக்கி விடுவீங்க. ஏன்? ஓடும்போது டாப் ரோலர் சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்கு போட்டிருக்கிற ரப்பர் உறை, காட்ஸ்னு சொல்றது, அது மேல விழுற அழுத்தம் சுத்தி எல்லா பக்கமும் சமமா பரவுது. நிறுத்திட்டு ஆர்மை தூக்காம விட்டா அதே அழுத்தம் காட்ஸ்ல ஒரே இடத்துல நாலு நாள் ஒக்காந்திருக்கும், அங்க ஒரு சின்ன தட்டை விழுந்துரும். நான் இதை கண்ணால பாத்தேன். ஒரு பொங்கல் முடிஞ்சு வந்து ஓட்டினா ஒரே ஒரு ஃப்ரேம்ல மட்டும் நூல் கோளாறா வருது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, நூலோட சீரை சோதிக்கிற உஸ்டர் மெஷின்ல போட்டு பாத்தா ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது கோளாறு எத்தனை நீளத்துக்கு ஒரு தடவை வருதுன்னு காட்டுற படத்துல, 9 சென்டிமீட்டர் கிட்ட ஒரு முள்ளு மாதிரி எந்திரிச்சு நிக்குது. 30 மில்லிமீட்டர் காட்ஸோட சுத்தளவு ஒன்பதரை சென்டிமீட்டருக்கு பக்கம். அதாவது ஃப்ரன்ட் ரோலர் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த தட்டை ஒரு தடவை நூலை மிதிக்குது. போய் காட்ஸை விரலால உருட்டி பாத்தா நகம் தட்டுப்படற அளவுக்கு ஒரு கோடு. கேட்டா, கடைசி ஷிஃப்ட் அவசரத்துல அந்த ஒரு ஃப்ரேம்ல ஆர்ம் தூக்காம போயிட்டாங்க. நாலு நாள் மெஷின் ஓடவே இல்ல, ஆனா ஓடியிருந்தா கூட அந்த கேடு வந்திருக்காது.

உங்க வீக்-ஆஃப் இதேதான். போன் சட்டைப் பையில இருக்கு, மில் வாட்ஸ்அப் குரூப் டிங்கு டிங்குன்னு அடிக்குது, குழந்தைக்கு சோறு ஊட்டும்போதும் ஒரு காது அங்கதான். கூப்பிடலைன்னாலும் கூப்பிடுவாங்களோன்னு இருக்கு. ஓட்டம் நின்னுருச்சு, அழுத்தம் இறங்கல. அதனாலதான் திங்கக்கிழமை போகும்போது லீவு எடுத்த மாதிரியே இருக்கிறதில்ல, சில நேரம் ஓடிட்டிருந்தா கூட தேவலைன்னு தோணுது.

அப்ப ஆர்மை எப்படி தூக்குறது? போனை ஆஃப் பண்ணுங்கன்னு நான் சுலபமா சொல்லிட்டு போகலாம், நாளைக்கு உங்க ஜாபர், ஷிஃப்ட் மேஸ்திரி, வீட்டுக்கே ஆள் அனுப்புவார். காரணம் வேற இடத்துல இருக்கு. ஒரு சின்ன நோட்டு போடுங்க, வீக்-ஆஃப் அன்னைக்கு வர்ற ஒவ்வொரு போன் காலையும் எழுதுங்க, யாரு, எத்தனை மணிக்கு, எதுக்கு. நாலு வாரம் எழுதினா உங்களுக்கே தெரியும், பாதிக்கு மேல ரெண்டு மூணு விஷயத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும், நூல் நிறைஞ்ச பாபினை தானா எடுக்கிற ஆட்டோ டாஃபரோட செட்டிங், மோட்டார் ஸ்பீடை மாத்துற இன்வெர்ட்டர்ல ஒரு ஃபால்ட்டு, இந்த மாதிரி உங்க ஒருத்தர் மண்டையில மட்டும் இருக்கிற ஏதோ ஒண்ணு. மில்லுல இன்வெர்ட்டர் கார்டுக்கு ஸ்பேர் வாங்கி ஸ்டோர்ல பூட்டி வச்சிருப்பாங்க. உங்களுக்கு ஸ்பேர் எங்க? நீங்க ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா மெஷின் நிக்கும்னா அது உங்க திறமைக்கு பெருமைன்னு நினைக்காதீங்க, நான் அப்படி பல வருஷம் நினைச்சேன், அது மில்லுக்கே ஆபத்து. அந்த ரெண்டு மூணு விஷயத்தையும் பெரிய எழுத்துல, முடிஞ்சா போட்டோவோட, ஒரு அட்டையில எழுதி பேனல் பக்கத்துல மாட்டுங்க, அடுத்த ஷிஃப்ட் ஃபிட்டர் தம்பியை கூட நிக்க வச்சு அவர் கையாலயே ரெண்டு தடவை பண்ண வைங்க, நீங்க தொடாதீங்க. ஃப்ரேமை ஓட்டுற சைடர் அக்காமாருக்கும் சொல்லிக் குடுங்க, எந்த ஸ்பிண்டில் சத்தம் மாறுதுன்னு நமக்கு முன்னாடி அவங்க காதுக்குத்தான் தெரியும். உங்க மில்லுல டிபிஎம், அதாவது டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்னு போர்டு மாட்டியிருந்தா அதோட அர்த்தமே இதுதான், ஜப்பான்ல 1971 வாக்குல செய்ச்சி நகாஜிமா அதை பரப்பினப்ப, மெஷினை ஓட்டுறவங்களே அதை பாத்துக்கணும், எல்லாத்தையும் மெயின்டனன்ஸ் ஆள் தலையில கட்டக்கூடாதுங்கிறதுதான் அடிப்படை.

அந்த நோட்டோட மேனேஜர்கிட்ட போங்க. எனக்கு முடியலை சார்னு ஆரம்பிக்காதீங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அவங்க காதுல ஏறாது. அவங்க பாஷையில பேசுங்க, இத்தனை போன் கால் வந்துச்சு, நான் வந்து சேர இத்தனை நேரம் ஆச்சு, அதுவரைக்கும் மெஷின் இத்தனை நிமிஷம் சும்மா நின்னுச்சு, ஷிஃப்ட்ல இருக்கிற ஆளுக்கே தெரிஞ்சிருந்தா இவ்வளவு மிச்சம்னு. நான் அந்தப்பக்க நாற்காலியிலயும் உக்காந்திருக்கேன், இந்த கணக்கை தள்ளிவிட முடியாது. சட்டமும் உங்க பக்கம்தான் இருக்கு. பழைய 1948 ஃபேக்டரி சட்டத்துலயே 52ஆவது பிரிவு வாரத்துக்கு ஒரு நாள் லீவு கட்டாயம்னு சொல்லுச்சு, 53ஆவது பிரிவு அந்த லீவு போச்சுன்னா அந்த மாசமோ அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ளயோ அதே எண்ணிக்கையில மாத்து லீவு குடுக்கணும்னு சொல்லுச்சு, ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு சம்பளம்னும் இருந்துச்சு. 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா வந்த புது லேபர் கோடுலயும் வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னுதான் இருக்கு. சண்டைக்காக சொல்லல, கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். போன் வந்து நீங்க கிளம்பி போன நாளெல்லாம் வீக்-ஆஃப் இல்ல தம்பி, அதை முதல்ல எழுதி வாங்குங்க.

குத்த உணர்ச்சியை பத்தி எழுதியிருக்கீங்க. நான் நின்னா நாலு பேர் கஷ்டப்படுவாங்களேங்கிற நல்ல மனசுல வர்றது அது, புரியுது. முதல் உலகப்போர்ல பிரிட்டன்ல இதே கேள்வி வந்துச்சு. போர்முனையில குண்டு பத்தலை, குண்டு ஃபேக்டரியில ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஞாயித்துக்கிழமை கூட இல்லாம வேலை பாத்தாங்க, லீவு கேட்டா துரோகம் மாதிரி. 1915ல அரசாங்கமே ஒரு கமிட்டி போட்டு யாரு எத்தனை மணி நேரம் வேலை பாத்தாங்க, எத்தனை பீஸ் வந்துச்சுன்னு எழுதி வச்சாங்க. அந்த கணக்கை நூறு வருஷம் கழிச்சு 2014ல ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்காவல் எடுத்து பாத்தார். வாரத்துக்கு 49 மணி நேரத்துக்கு மேல போனா கூடுதல் மணிக்கு கிடைக்கிற பீஸ் குறைஞ்சுக்கிட்டே வருது, 70 மணி நேரம் வேலை பாத்தவங்களுக்கும் 56 மணி நேரம் பாத்தவங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. மொத்த மணி நேரம் ஒண்ணாவே இருந்தாலும் ஞாயிறு லீவு இல்லாத வாரத்துல பீஸ் கம்மி. அந்த 14 மணி நேரத்தை அந்த பொண்ணுங்க வீட்ல பிள்ளைங்களோட இருந்திருந்தாலும் போர்முனைக்கு அதே குண்டுதான் போயிருக்கும்.

நம்ம ஊர்ல இதெல்லாம் புதுசும் இல்ல. ஆயுத பூஜை அன்னைக்கு மில்லுல என்ன நடக்குது? முந்தின நாளே ஃப்ரேமை எல்லாம் நிறுத்தி, ஒட்டியிருக்கிற பஞ்சுத் தூசியை எடுத்து துடைச்சு, பொட்டு வச்சு மாலை போட்டு, உங்க ஸ்பேனர் செட்டையே சாமி முன்னாடி வைக்கிறோம், அன்னைக்கு அதை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் மெஷின் நிக்குதேன்னு எந்த முதலாளியும் ரிஜிஸ்டரை தூக்கிட்டு வந்து நான் பாத்ததில்ல. ஸ்பேனருக்கு குடுக்கிற அந்த மரியாதையை அதை பிடிக்கிற கைக்கும் குடுங்க.

இன்னொண்ணு சொல்லிர்றேன், இல்லைன்னா நடுவுல விட்டுருவீங்க. முதல் ரெண்டு மூணு வீக்-ஆஃப் நல்லாவே இருக்காது. தலை வலிக்கும், எரிச்சல் வரும், நாள் பூரா தூங்கியும் தூக்கம் வரும், போன் அடிக்காமயே அடிச்ச மாதிரி இருக்கும். புது ரிங் மாட்டினா என்ன பண்றோம்? ஸ்பீடை குறைச்சு, டிராவலரை சீக்கிரம் சீக்கிரம் மாத்தி, ரன்னிங்-இன் முடிஞ்சப்புறம்தானே முழு ஸ்பீடுக்கு ஏத்துறோம். அந்த மாதிரி வச்சுக்குங்க. முதல்ல ஒரு நாள் பூரா வேண்டாம், மத்தியானம் சாப்பிட்டதுல இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் போனை வீட்டம்மா கையில குடுத்துருங்க, தீ விபத்து, ஆளுக்கு அடி, இந்த மாதிரி இருந்தா மட்டும் அவங்க எழுப்பட்டும். படுத்துத்தான் கிடக்கணும்னு இல்ல, தோட்டத்துக்கு தண்ணி கட்டுங்க, பிள்ளையை தூக்கிட்டு குளத்துக்கரை பக்கம் போங்க, எதுவா இருந்தாலும் காதை மில்லுல விட்டுட்டு போகாதீங்க.

இதெல்லாம் செஞ்சு, ராத்திரி ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகல்ல கண்ணு சொக்குதுன்னா, இல்ல தூக்கத்துல ரொம்ப குறட்டை விடறீங்க, மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்ல சொன்னாங்கன்னா, அது என் சப்ஜெக்ட் இல்ல, நேரா டாக்டர்கிட்ட போங்க, சுகர், பிரஷர், தூக்கத்துல மூச்சு அடைக்கிற கோளாறு எல்லாத்துக்கும் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க, நான் பேரிங்கை தள்ளிப் போட்ட மாதிரி.

வர்ற வாரமே நோட்டு போட்டுருங்க. நாலு வாரம் முடிஞ்சதும் அதுல எந்த ஃபால்ட்டுக்கு எத்தனை போன் கால்னு எனக்கு எழுதுங்க, அட்டையில என்ன எழுதறது, மேனேஜர்கிட்ட எப்படி வைக்கிறதுன்னு நாம சேந்து பாப்போம். அதுவரைக்கும் ராத்திரி வேலைன்னா பைக் சாவியை கேட் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட குடுத்து வச்சுருங்க, விடிஞ்சப்புறம் குடுங்கண்ணான்னு சொல்லிட்டு போய் படுங்க.